மூச்சின் தழும்பு

கண் கொடுத்த வீட்டார் முன்பெல்லாம் யாமினியிடம் கேட்ட கேள்வி வேறு. "யாருக்கு வச்சாங்க? அவங்களுக்குப் பார்வை வந்துட்டா?" என்பார்கள். பெயரைச் சொல்லக்கூடாது. ஒரு டீச்சருக்கு, ஒரு லாரி டிரைவருக்கு என்று மட்டும் சொல்லுவாள். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அதைக் கேட்டதும் ஒரு நொடி சிரிப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் கண் வங்கி வேலையில் இத்தனை வருஷம் காலம் தள்ளினாள்.

இப்போது ஒரே கேள்விதான். "எங்க அப்பாவுக்கு என்ன தரம்?"

ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவரின் படத்துக்குக் கீழே, பேரன் பேத்தி பெயர்களுக்கும் மேலே, தங்க எழுத்தில் 'முதல் தரக் கண்களை ஈந்தவர்' என்று போட்டிருப்பார்கள். முதியோர் இல்லங்கள் அதைச் சொல்லியே விளம்பரம் செய்தன. கல்யாணத் தரகர்கள் பெண் வீட்டைப் பற்றி விசாரிக்கும்போது, தாத்தா என்ன தரத்தில் போனார் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் தரம் வந்த வீட்டுக்காரர்கள் பேனரே வைப்பதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், கண் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் நிஜமாகவே கொடுக்காமலும் போனார்கள். வீம்புக்குச் சோதனையில் உட்காருவானேன்?

இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தவர் டாக்டர் ஜோதாம். பாவம், அவர் ஒன்றும் இப்படி நினைத்து ஆரம்பிக்கவில்லை. மாற்றிவைத்த விழிப்படலம் சிலருக்கு இருபது வருஷம் கண்ணாடிபோல நிற்கிறது, சிலருக்கு மூன்றே வருஷத்தில் புகை படிந்துபோகிறது; ஏன் என்று தேடினார். கொடுத்தவரிடம்தான் காரணம் இருந்தது.

"சங்கரன்கோவில் தங்கமாரியப்பன்," என்றாள் யாமினி, ஆய்வகக் கதவைத் திறந்துகொண்டே. "அந்த ரிசல்ட்டை இன்னொரு தடவை பார்க்கீங்களா டாக்டர்?"

"மூணு தடவை பார்த்தாச்சு. மூணாம் தரம்தான்." அவர் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வந்து பாருங்க. ஊதுபத்தி நெருப்பு மாதிரி மின்னுது."

அவள் பார்த்தாள். விழிப்படலத்தின் உள்பக்கத் தோல் தேன்கூட்டு அறைகளைப்போல விரிந்திருந்தது. அறைக்கு அறை மஞ்சளாய்த் தழும்புப் புள்ளி.

"அவரு பொண்ணு நாலு வருஷமா அவரைப் படுக்கையில வச்சுப் பார்த்திருக்கு டாக்டர். கண் எடுக்கப் போனப்போ நான்தானே திருப்பிப் படுக்கவச்சேன். முதுகுல ஒரு புண் கிடையாது. நகம்கூட வெட்டியிருந்தது. அவரைப்போய்ப் பட்டினி போட்டு, மிதிச்சுக் கொன்னுட்டாள்னு அண்ணன்காரங்க எழுதிக் கொடுத்திருக்காங்க."

"தழும்புக்குப் பாசம் தெரியாதும்மா. இந்த அறைகள் புதுசா முளைக்காது. கடைசி நேரத்துல மூச்சு அடைபட்டு உடம்பு போராடினா இதுல தழும்பு விழுந்துடும். ஓசைப்படாம அடங்கினா விழாது. அவ்வளவுதான். நான் மூச்சுத் தழும்புன்னுதான் எழுதினேன். நிம்மதித் தரம்னு பேர் வச்சது டி.வி.க்காரன். சட்டத்துல சேர்த்தது சட்டசபைக்காரன்."

"ஆஸ்பத்திரியில இருந்து வர்றதெல்லாம் முதல் தரம்."

"மயக்க மருந்துல கிடக்காங்க. திணற மாட்டாங்க."

"பக்கத்துல ஒரு ஆள் இல்லாம, குழாயைச் சொருகிக்கிட்டுச் செத்தா முதல் தரம். வீட்டுல பத்துப் பேர் சுத்தி நிக்கச் செத்தா மூணாம் தரம். இதை நான் எந்த வாயால வீடு வீடாப் போய்ச் சொல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் புரியலை யாமினி. நம்ம ஊர்ப்பக்கம் வீட்டுலயே சாகிறவங்களுக்கு மட்டும் ஏன் இப்படி? கடைசியா என்ன கொடுத்தாங்கன்னு கேட்கிறீங்கல்ல?"

"ஒவ்வொரு வீட்டுலயும் கேட்கிறேன். ஒண்ணும் கொடுக்கலை, எதுவும் இறங்கலைன்னுதான் சொல்றாங்க. பொய் சொல்ற முகம் இல்லை."

"அப்போ வீட்டுல என்னதான் நடக்குது?" என்று அவர் கேட்டது அவளிடம் அல்ல. போன வருஷம் அவருடைய அம்மாவின் கண்களும் மூன்றாம் தரம்தான் வந்தன. தம்பி வீடு இருக்கும் நாசரேத் ஊருக்குப் போய் அந்தக் கண்களை வாங்கிவந்ததும் யாமினிதான். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தம்பி மனைவி கிரேஸிடம் டாக்டர் அதற்குப் பிறகு பேசவில்லை என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

யாமினி ரிசல்ட்டை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

புதுச் சட்டப்படி, மூன்றாம் தரம் வந்த வீட்டில் வாரிசுகள் புகார் கொடுத்தால் பார்த்துக்கொண்டவர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லையென்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும், வழக்கும் உண்டு. கண் வங்கியிலிருந்து ஒருவர் போய்ப் பார்த்து, இதில் அலட்சியம் இல்லை என்று காரணத்தோடு சொன்னால் மட்டும் போலீஸ் புகாரை மூடும். அந்த ஒருவராகத்தான் யாமினி மறுநாள் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பினாள். வேனில் ஏறும்போது அவளிடம் காரணம் எதுவும் இல்லை.

பந்தலைப் பிரித்திருந்தார்கள். பந்தக்கால் நட்ட குழிகள் மட்டும் வாசலில் இருந்தன. கூடத்தில் மூத்த மகன் சுடலைமணி சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சார்ஜாவில் பாய்லர் ஓட்டுகிறவன், ஐம்பதை நெருங்குகிறான், பிள்ளைகள் இல்லை. இளையவன் தினகர் கோயம்புத்தூரில் பேக்கரி வைத்திருப்பவன். அவன்தான் பேசினான்.

"வாங்க மேடம். எஸ்.ஐ. சொன்னாரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு. மூணாம் தரம் மூணாம் தரம்தான்னு சொல்லிட்டுப் போயிருங்க. எங்களுக்கும் வேலை கெடக்கு."

"கண்ணைக் குடுத்து வெனையை வாங்கியாச்சு," என்றாள் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை. செத்தவரின் அக்கா. பல் இல்லாவிட்டாலும் குரல் தெருமுனைவரை கேட்கும். "எங்க காலத்துல பொணத்துக்குப் பரீட்சை வைக்க மாட்டாக. பாஸாவது ஃபெயிலாவது!"

உள்ளிருந்து மகள் பொன்செல்வி வந்தாள். ஒல்லியான உருவம், தலையில் பாதி நரை. யாமினியின் முன்னால் டம்ளரை வைத்தாள். கடுங்காப்பி.

"பால் ஊத்தலை. கோவிச்சுக்கிடாதீங்க," என்றாள். "வீட்டுல இப்போ பால் வாங்குறது இல்லை. பெரியண்ணனுக்கு அந்த வாடை ஆகமாட்டேங்குது."

"அதுக்கும் இவதான் காரணமா இருப்பா," என்றான் தினகர். "என்னத்தைக் கலந்து வச்சிருந்தாளோ."

அவமானப்பட்டவர்கள் ஒன்று கத்துவார்கள், இல்லை அழுவார்கள். பொன்செல்வி எதுவும் செய்யாமல் நின்றாள். வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்கிறவளைப்போல நின்றாள். யாமினிக்கு அது பிடிக்கவில்லை. ஒருவேளை புகாரில் ஏதாவது உண்மை இருக்குமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"உங்க தங்கச்சி அவரை நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க," என்றாள் யாமினி. "நான் பார்த்தேன்."

"நல்லாப் பார்த்தா நல்ல தரம் வரணும்லா? எங்க தெருவுல குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில செத்தவனுக்கு முதல் தரம். எங்க ஐயாவுக்கு மூணாம் தரமா? கோயில் தர்மகர்த்தாவா இருந்த மனுஷன் மேடம் அவரு."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, வாயைக் கழுவு. எந்தம்பி மாதிரிச் சாவு யாருக்குலே வாய்க்கும்? ரெண்டு நாளா அன்னம் தண்ணி இல்லாம, கண்ணை மூடுன மேனிக்கு, பூ மாதிரிக் கெடந்தான். மூச்சு மட்டும் நூல் மாதிரி ஓடுது. என்னத்தையோ எதிர்பார்த்து உசுரு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூத்தவனுக்குப் போன் போடுன்னேன். பிளேனைப் புடிச்சு ஓடியாந்தான் எஞ்சாமி. வந்தான், ஊத்துனான், மடக்குனு வாங்கிக்கிட்டான், போய்ச் சேந்துட்டான். மகன் கையால வாங்கிட்டுப் போகணும்னுல்லா காத்துக் கெடந்திருக்கான்!"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். யாமினி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்ன ஊத்துனாரு?"

"இது என்ன கேள்வி தாயி? பால்தான்."

"அன்னைக்கு நான் கேட்டேனே. கடைசியா ஏதாவது கொடுத்தீங்களான்னு. ஒண்ணும் கொடுக்கலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா. சத்தியமா ஒரு பருக்கை இறங்கலை."

"பால் ஊத்தியிருக்கீங்களே?"

அத்தை அவளை விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அது சாப்பாடா தாயி? அது பால் ஊத்துறது."

தினகர் ஏதோ சொன்னான். தெருவில் ஒருவன் வெள்ளைப்பூண்டு விற்றுக்கொண்டு போனான். அவளுக்கு வீடுகள் ஞாபகம் வந்தன. ராஜபாளையத்தில் ஒரு வீடு, வள்ளியூரில் ஒன்று, களக்காட்டில் ஒன்று. கட்டில் தலைமாட்டில் விளக்கு. ஈரப் பஞ்சு வைத்த கண்கள், நிறுத்திய ஃபேன், தலைக்கு உயரமாகத் தலையணை என்று போனில் அவள் சொன்னதையெல்லாம் அப்படியே செய்துவைத்திருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு டம்ளரோ, பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையோ இருக்கும். தலையணையில் புளித்த ஈரம் இருக்கும். அதை எத்தனையோ தடவை துடைத்துவிட்டிருக்கிறாள். 'கடைசி உணவு: இல்லை' என்று அவள்தான் எழுதினாள். அவர்களும் பொய் சொல்லவில்லை, அவளும் எழுதியதில் தப்பில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே. பால் ஊற்றுவது சாப்பாட்டில் சேர்த்தியில்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால்தான் தெரியாமல் போயிற்று.

விழுங்கத் தெம்பு இல்லாத தொண்டையில் ஊற்றியது எங்கே போகும்?

அவள் சுடலைமணியைப் பார்த்தாள். அவன் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடுங்காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பால் வாடை ஆகாதவன்.

"அண்ணாச்சி," என்றாள். "கொஞ்சம் பின்பக்கம் வாறீங்களா?"

கொல்லையில் ஒரு முருங்கை நின்றது. அவன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். யாமினி எதுவும் கேட்கவில்லை. இந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சும்மா இருக்க வேண்டும். எதிரே இருப்பவரால் தாங்க முடியாமல் போகும்வரை சும்மா இருக்க வேண்டும்.

சுடலைமணி தரையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தான்.

"எல்லாரும் ரெண்டு சொட்டு, மூணு சொட்டுன்னு உதட்டுல விட்டாங்க மேடம். நான் பாலாடை நெறைய எடுத்தேன். மூத்தவன் இல்லியா. எனக்குக் கைக்குழந்தையில பால் புகட்டுன பாலாடை அது. அம்மா பத்திரமா வச்சிருந்தா."

முருங்கையிலிருந்து ஓர் இலை சுழன்று விழுந்தது.

"மடக்குனு ஒரு சத்தம் கேட்டுது. வாங்கிட்டான் வாங்கிட்டான்னு அத்தை அழுதா. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அது வாங்குன சத்தம் இல்லை மேடம். நான் பாய்லர் பார்க்கிறவன். ஒரு குழாய்க்குள்ள போகக்கூடாதது போனா என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாளா மூடியிருந்த கண்ணு தொறந்துச்சு. எம்மூஞ்சியத்தான் பார்த்துச்சு. மகன் வந்துட்டான்னு பார்க்கிற பார்வையா அது? விட்டுருலேன்னு சொல்லுற பார்வை."

"இதெல்லாம் தெரிஞ்சுமா தங்கச்சி மேல எழுதிக் கொடுத்தீங்க?"

"தினகர்தான் எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன்." அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "தரம் வந்ததும் யாரு, யாருன்னு எல்லாரும் கேட்டாங்க. யாராவது ஒருத்தர் இருந்தாகணுமே. நானா இல்லாம இருந்தாச் சரின்னு இருந்துட்டேன்."

"அவங்க வீட்டை விட்டுப் போகணும். தெரியும்ல? கோர்ட்டு, கேஸு எல்லாம் வரும்."

"தெரியும். ராத்திரி முழுக்க அதைத்தான் நெனச்சுக்கிட்டு கெடக்கேன். விடிஞ்சதும் சொல்லிருவோம்னு இருக்கும். விடிஞ்சா வாய் வராது."

சமையலறைக் கதவில் சத்தம் கேட்டது. பொன்செல்வி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நீ மட்டும் இல்லண்ணே," என்றாள். "நான்தான் தலையைத் தூக்கிப் பிடிச்சேன். நீ ஊத்தினது கடைவாய் வழியா ஒழுகப் பார்த்துச்சு. அவ்வளவு தூரத்துல இருந்து வந்தவன் ஊத்துறது வீணாயிரக் கூடாதேன்னு, நாடியை நிமிர்த்தி, முகத்தை அண்ணாக்கப் பிடிச்சேன். சாய்ச்சிருந்தா வெளிய வந்திருக்கும். நாலு வருஷமா கஞ்சி குடுக்கும்போதெல்லாம் சாய்ச்சுத்தான் குடுப்பேன். எனக்குத் தெரியாதா? அன்னைக்குத் தோணலை."

அவள் அழவில்லை. நாலு வருஷத்தில் அதற்கான தெம்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. புகாருக்கு அவள் ஏன் பதில் பேசவில்லை என்பது அப்போதுதான் யாமினிக்குப் புரிந்தது.

அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சுடலைமணி எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போனான். யாமினி பின்னால் போனாள்.

"தினகரு, புகாரைத் திருப்பி வாங்கிரணும்," என்றான்.

"ஏன்? மேடம் என்ன சொன்னாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொல்லுதேன். ஐயாவுக்கு மூச்சு முட்டினது நான் ஊத்தின பாலுல. செல்வி ஒண்ணும் செய்யலை."

"ஏலே, என்னலே சொல்லுத?" என்று அத்தை எழப்போனாள். "உங்கையால வாங்கணும்னுல்லா..."

"அவரு வாங்கலை அத்தை."

அத்தை திரும்ப உட்கார்ந்தாள். அந்த வீட்டில் முதல் பாலை அவள்தான் ஊற்றியிருப்பாள், வயதில் மூத்தவள். இந்த வீட்டில் மட்டுமா? அந்தத் தெருவில், சொந்தபந்தத்தில், எத்தனை பேர் தலைமாட்டில் உட்கார்ந்து, 'ஊத்துங்க, ஊத்துங்க' என்று வரிசையை நடத்தியிருப்பாள். அவள் உதடுகள் ஏதோ எண்ணுவதுபோல அசைந்தன. பெயர்களாக இருக்கலாம். யாமினி வேறு பக்கம் பார்த்தாள்.

தினகர் போனை எடுத்து அண்ணனிடம் நீட்டினான். சுடலைமணி எஸ்.ஐ.யிடம் இரண்டு வார்த்தை பேசினான். யாமினியும் பேசினாள். அலட்சியம் இல்லை, காரணம் தெரிந்துவிட்டது, நாளைக்கு எழுத்தில் தருகிறேன் என்றாள். அவ்வளவு பெரிய விஷயம் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது சுடலைமணி வந்தான்.

"ஐயா கண்ணு யாருக்கு வச்சிருக்கு?"

"சொல்லக்கூடாது அண்ணாச்சி. ஒரு பூக்கட்டுற அம்மாவுக்கு."

"சீக்கிரம் புகைஞ்சிருமா?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். முன்பெல்லாம் யாருக்கு வைத்தது என்ற கேள்விக்குப் பிறகு ஒரு சிரிப்பு வரும்.

வேன் ஊரைத் தாண்டி, காற்றாலைகள் நிற்கும் வெட்டவெளிக்கு வந்தபோது அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"பால்," என்றார் கடைசியில். "இத்தனை வருஷமா நாம கேட்கவே இல்லையே."

"கேட்டோம் டாக்டர். நம்ம கேள்விக்கு அது பதில் இல்லை. நாளையில இருந்து பால் ஊத்துனீங்களான்னு தனியாக் கேட்கணும். கேட்டா மறைக்க மாட்டாங்க. பெருமையாச் சொல்லுவாங்க." அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். "ஆனா ஏன் கேட்கிறோம்னு ஒரு மாசத்துல ஊருக்கே தெரிஞ்சுபோகும். பழி சுமந்த பொண்ணுங்க எல்லாம் தலை நிமிருவாங்க. நல்லது. பால் ஊத்தின ஒவ்வொருத்தரும் அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டாங்க. அதுவும் நம்ம வேலைதான்."

"சொல்லாம இருக்க முடியாது."

"முடியாது. தெரியும்."

"பாருங்க, எங்க ஆளுங்ககிட்ட இந்தப் பழக்கம் கிடையாது," என்றார். குரலில் ஒரு சின்ன விடுதலை இருந்தது. "நாங்க ஜெபம் பண்ணுவோம். பாட்டுப் பாடுவோம். அம்மாவுக்கும் அப்படித்தான். நானே கட்டில்ல உட்கார்ந்து, தலையை மடியில வச்சு... நாக்கு காய்ஞ்சு கெடந்துச்சுன்னு..."



காற்றாலை இறக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. டிரைவர் கண்ணாடியில் யாமினியைப் பார்த்தார். லைன் கட்டாகவில்லை, டாக்டருடைய மூச்சு கேட்டது.

"தண்ணியும் அப்படித்தானே யாமினி?"

யாமினி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரைப்போல விஷயம் தெரிந்தவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

"ஒரு ஸ்பூன்தான்," என்றார்.

வேன் ஒரு ரயில்வே கேட்டில் நின்றது. ரயில் வந்து, போய், கேட் திறந்து, வண்டிகள் நகர ஆரம்பித்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

"கிரேஸ் நம்பர் உங்ககிட்ட இருக்கும்ல?" என்றார் ஜோதாம். "என்கிட்ட இல்லை. அழிச்சுட்டேன்."